இன்னும் கொஞ்சம் அழுத்து

நனைந்த மண்ணில் வண்டி சிக்கிக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. காலை எடுங்கள். இஞ்சினை அணையுங்கள். இறங்கி வந்து சக்கரத்தைப் பாருங்கள். அவ்வளவுதான். “இதச் சொல்றதுக்கு இன்ஜினியர் எதுக்கு?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த மூன்றையும் வரிசையாகச் செய்யவைத்த ஒரே ஒருவரைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். அவர் பொறியியல் படித்தவர் இல்லை.

மற்ற எல்லாரும் செய்வது ஒன்றுதான். அழுத்துவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. இன்னும் அழுத்துவார்கள். சத்தம் கூடும், சேறு பறக்கும், புகை வரும். ஏதோ பெரிதாக நடப்பதுபோல் தெரியும். நடப்பது என்னவோ குழி தோண்டும் வேலை.

இந்த அழுத்தும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முயற்சி என்பது தன்னளவிலேயே நல்லதா? பலன் கிடைக்காவிட்டாலும் முயற்சி பாராட்டத்தக்கது என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். பலன் கிடைக்காமல் போவது ஒன்று. நிலைமையை இன்னும் மோசமாக்கும் முயற்சி இன்னொன்று. அதைச் செய்பவனுக்கு உள்ளே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வெளியே நின்றுகொண்டு “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்துகிறவனுக்கோ தான் உதவி செய்வதாகவே தோன்றும். அந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி.

நான் மனதில் வைத்திருக்கும் வண்டி மோட்டார்ஹோம். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பிறகு நம் ஊரில் முகாம் போடும் மோகம் ஏறியபோது கூடவே இதுவும் ஏறியது. வேன் அல்லது சின்ன லாரியின் அடிச்சட்டத்தில் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து, அதற்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஏர்கோன், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடைத்திருப்பார்கள். மூன்று டன் இருக்கும். மூன்று மைவியின் எடையை ஒரு மைவிக்கு இருக்கும் அதே நான்கு இடங்களில் தரையில் ஊன்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுப்பவர் பெரும்பாலும் அதற்கு முன் அப்படி ஒரு வண்டியை ஓட்டியிருக்க மாட்டார். ஆனால் இயற்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் எடுக்கிறார். அதனால் தார்ச் சாலையை விட்டுப் புல்லுக்கு இறக்குகிறார். இங்கேதான் ஆரம்பிக்கிறது.

புல் நம்மை ஏமாற்றும். எப்படி என்று சொல்ல என் படிப்பைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது.

நான் படித்தது பாரிட் ராஜாவில், பத்து பஹாட் பக்கம். ஊர்ப் பெயரிலேயே வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடிக்காமல் அங்கே யாரும் குடியிருந்திருக்க முடியாது. மென்மண்ணுக்கென்றே தனி ஆய்வு மையம் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது. ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கொடுத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, ஒரு பித்தளைக் கிண்ணத்தில் ஈரக் களிமண்ணைத் தடவி, நடுவில் ஒரு கோடு கீறி, கைப்பிடியைச் சுற்றுவது. சுற்றச் சுற்றக் கிண்ணம் ஒரு செண்டிமீட்டர் எழும்பி ‘டக் டக்’ என்று விழும். சரியாக 25 தட்டில் அந்தக் கோடு 13 மில்லிமீட்டர் நீளத்துக்கு மூடிக்கொண்டால், அப்போது மண்ணில் இருக்கும் ஈரம்தான் அதன் நீர்ம எல்லை. அதைத் தாண்டினால் மண் பாய ஆரம்பித்துவிடும். இந்த எல்லைகளை 1911இல் வகுத்தவர் ஆட்டர்பெர்க் என்ற ஸ்வீடன்காரர். கிண்ணத்தை நாங்கள் பயன்படுத்தும் விதத்துக்குச் சீர்படுத்தியவர் கசாகிராண்டே. எனக்கு அந்தச் சோதனையில் பிடித்தது, நல்ல மண் கெட்ட மண் என்று தீர்ப்பு எழுத அதில் இடமே கிடையாது என்பது. ஒரே மண்தான். ஈரம் எவ்வளவு, பாரம் எவ்வளவு, எவ்வளவு அவசரம் என்பதுதான் கணக்கு. (மண்ணைப் பற்றிப் பேசினாலே நம் நாட்டில் அரசியல் ஆகிவிடும். நான் பேசுவது களிமண்ணை.)

அவசரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நனைந்த களிமண்ணில் திடீரென்று பாரம் ஏறும்போது அதை முதலில் தாங்குவது மண் கிடையாது. துகள்களுக்கு இடையில் அடைபட்டிருக்கும் தண்ணீர். தண்ணீருக்கு வழுக்கத் தெரியும், பிடிக்கத் தெரியாது. அது மெல்லக் கசிந்து வெளியேறிய பிறகுதான் துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உறுதி வரும். 1920களில் டெர்சாகி இதைக் கணக்காக எழுதிக் காட்டியதிலிருந்துதான் எங்கள் துறையே பிறந்தது. களிமண்ணில் அந்தக் கசிவுக்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். பெடலில் கால் வைத்திருப்பவரிடம் ஐந்து நிமிடம்கூட இல்லை.

மேலே இருக்கும் புல்லுக்கு வருகிறேன். வேர்கள் பின்னிப்பின்னி ஒரு பாய்போல் மண்ணைப் போர்த்தியிருக்கும். சக்கரம் மெதுவாக உருண்டால் அந்தப் பாய் தாங்கும். ஒரே ஒரு முறை சக்கரம் நின்ற இடத்திலேயே வேகமாகச் சுற்றினால் பாய் கிழிந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் களிமண்ணைச் சக்கரம் பிசைய ஆரம்பிக்கும். பிசைந்த களிமண் பிசையாத களிமண்ணைவிட வலுவில்லாதது. சப்பாத்தி மாவு பிசைந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக முதல் அழுத்தலுக்குக் கிடைத்த தரை இரண்டாவது அழுத்தலுக்குக் கிடைக்காது. முயற்சியே தரையை மாற்றிவிடுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இதில்தான் என் கேள்வியின் முள் இருக்கிறது. எழுபது கிலோ மனிதர் நடக்கும்போது ஒரு பாதம் சுமார் 200 சதுர செண்டிமீட்டர் என்று வைத்தால், தரைமேல் விழும் அழுத்தம் 35 கிலோபாஸ்கல். பெட்ரோல் நிலையத்தில் டயருக்குக் காற்றடிக்கும்போது திரையில் பார்க்கிறோமே, அதே அலகு. மைவிக்கு 220, 230 என்று வைப்போம். மோட்டார்ஹோம் டயருக்கு 400க்கு மேல் போகும். டயர் தரையை அழுத்துவது ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தில்தான். மழையில் ஊறிய மென்மையான களிமண் 100 கிலோபாஸ்கல் அளவில் தோற்றுவிடும்.

அதாவது, மனிதர் நடந்து போகலாம். செருப்புகூட நனையாது. நடந்து பார்த்துவிட்டு, “கெட்டியாத்தான் இருக்கு, வாங்க வாங்க” என்று கை காட்டுவார். அவர் பொய் சொல்லவில்லை. தன் காலுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்கிறார். அதை நம்பி வரும் வண்டி அச்சு வரை இறங்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தது உலு சிலாங்கூரில் ஓர் ஆற்றோர முகாம் தளத்தில், ஒரு நவம்பர் கடைசியில். 2022இல் பத்தாங் காலி முகாம் தளத்தில் நிலச்சரிவில் 31 பேர் போனதற்குப் பிறகு நான் மலைச்சரிவுப் பக்கம் கூடாரம் அடிப்பதில்லை. இது சமதரை. இரவெல்லாம் மழை. காலையில் பார்த்தால் எங்கள் கூடாரத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி ஒரு மோட்டார்ஹோம் கிளம்பப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டியவர் நாற்பது வயது அண்ணன் ஒருவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். அவர் அழுத்த, பின்சக்கரம் இரண்டும் சுற்ற, பக்கத்துக் கூடாரத்திலிருந்து மூன்று பேர் ஓடிப்போய்ப் பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். “அழுத்துங்க அண்ணே! வருது வருது! இன்னும் கொஞ்சம்!” ஒன்றும் வரவில்லை. மூன்று பேரும் தலை முதல் கால் வரை சேறானார்கள். உள்ளே இருந்தவரின் டீசட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, ஸ்டியரிங்கை யாராவது பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. அழுத்துவது ஒருவர், சேறு படுவது வேறொருவர், குழி விழுவது மூன்றாமவர் நிலத்தில்.

மூன்றாமவர் கப்சாயில் வந்தார். அறுபது தாண்டிய பாக்சிக், தலையில் சின்னத் துண்டு. வண்டியை நிறுத்திவிட்டு யாரிடமும் பேசாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, சேற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைத் தட்டி, “ஜாங்கான் தெக்கான் லாகி” என்றார். இனிமேல் அழுத்தாதே. அண்ணன் ஏதோ விளக்கம் சொல்ல வர, “லாகி தெக்கான், லாகி மாசுக்” என்றார். அழுத்த அழுத்த உள்ளேதான் போகும். டெர்சாகியை நான் இரண்டு பருவம் படித்தேன். இவர் நான்கு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மாமியாரையும் பிள்ளைகளையும் இறக்கி நிழலில் உட்காரவைத்தார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடச் சொன்னார். நூறு லிட்டர் போனால் நூறு கிலோ குறையும். முன்னால் போகும் எண்ணத்தையே விடச் சொன்னார். வந்த தடம் ஏற்கனவே அழுந்தியிருக்கிறது, போன வழியே பின்னால் வருவதுதான் சுலபம். மண்வெட்டியால் சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாகத் தோண்டினார். குழியின் சுவர் செங்குத்தாக இருந்தால் எந்த இஞ்சினாலும் ஏற முடியாது. டயர் வால்வில் குச்சியை வைத்துப் பாதிக் காற்றை விட்டார். சக்கரம் சப்பையாகிப் பரந்து உட்கார்ந்தது. எங்களை அனுப்பிச் செம்பனை மட்டைகளை இழுத்துவரச் சொன்னார். வீட்டிலிருந்து இரண்டு கனமான பலகை கொண்டுவந்தார். சக்கரத்தின் விளிம்பு தொடும் அளவுக்கு அதைச் செருகினார், முழங்காலிட்டு, கையாலேயே சேற்றை வழித்து. எல்லாரையும் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொன்னார், ஏனென்றால் சக்கரம் பிடிக்காவிட்டால் பலகை பறந்து வந்து காலை ஒடித்துவிடும். கயிறு கட்டி இழுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டார். அதுவும் சரி. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி இழுத்து, அது பிய்த்துக்கொண்டு குண்டுபோல் பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன.

கடைசியாக, ரிவர்ஸ் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்தபடி, கிளட்சை மெல்ல மெல்ல விடச் சொன்னார். ஹேண்ட்பிரேக் எதற்கு என்று சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, வியப்பாகவும் இருந்தது. பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் கொடுக்கும். பிடி இல்லாத சக்கரம் எவ்வளவு கொஞ்சம் வாங்கிக்கொள்கிறதோ, அதே அளவுதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். அதனால் சேற்றில் இருப்பது பைத்தியம்போல் சுற்ற, கெட்டித் தரையில் இருப்பது சும்மா நிற்கும். ஹேண்ட்பிரேக்கைப் பாதி பிடித்தால் சுற்றுகிற சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கிறது. அந்தத் தடையால் மற்றதுக்கும் விசை போகிறது. பின்சக்கரத்தால் ஓடும் வண்டிக்குத்தான் இந்த வித்தை. வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டியில் மிக அதிகமாக உழைத்த பாகம் எது என்று பார்த்தால் சேற்றில் சுற்றிய சக்கரம்தான். சும்மா நின்ற சக்கரத்தைத்தான் நாம் உறுதியானது என்போம்.

நாற்பது நிமிடம் ஆனது. வெளியே வந்தபோது இஞ்சின் சத்தம் ஒரு கார் நிறுத்துமிடத்தில் பின்வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது.

அந்தப் பலகையைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒரு சக்கரத்தின் மேல் முக்கால் டன் என்று வைத்து, பலகை ஒன்றேகால் அடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் நாலடி நீளமும் என்று வைத்து, அது வளையாமல் தாங்கினால் தரைமேல் விழும் அழுத்தம் சுமார் 16 முதல் 18 கிலோபாஸ்கல். மனிதக் காலைவிடக் குறைவு. மூன்று டன் வண்டி ஒரு மனிதரைவிட லேசாகிவிட்டது. இஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூட ஏறவில்லை.

தமிழில் இந்த விஷயத்துக்கு ஒரு பழைய படிமம் இருக்கிறது. எருது. தடைப்பட்ட இடத்திலெல்லாம் விடாமல் இழுக்கும் எருதைப்போல் இருப்பவனிடம் துன்பம்தான் துன்பப்படும் என்ற பொருளில் இடுக்கண் அழியாமையில் ஒரு குறள் வருகிறது. புறநானூற்று 90ஆம் பாட்டில் ஔவையாரும் அதியமானிடம் கேட்கிறார்: அச்சுவரை புதைந்த பண்டவண்டியை மணல் சிதறக் கல் பிளக்க இழுத்து வெளியேற்றும் பெருமித எருதுக்கு இறங்க முடியாத துறை என்று ஒன்று உண்டா என்று. நம் மேடைகளில் முழங்கும் விடாமுயற்சி எல்லாமே இந்த எருதின் வாரிசுதான்.

எருதின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எருதுக்குக் கால் இருக்கிறது. தூக்கி வேறு இடத்தில் வைக்கும். வைத்த இடம் வழுக்கினால் அதற்கே தெரியும், அடுத்த அடியை மாற்றும். முடியாதபோது நின்றுவிடும், அடித்தாலும் நிற்கும். சக்கரத்துக்கு இது எதுவும் கிடையாது. இருந்த இடத்திலேயே, எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தோற்கும். எருதுக்காக எழுதிய புகழை நாம் சக்கரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

அதே ஔவையார் 102ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, வேறொரு வண்டியைக் காட்டுகிறார். அது உப்பு வணிகர்களின் வண்டி. எருதுகள் இளையவை, ஏற்றிய சரக்கோ அதிகம், பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும் என்று நினைத்து, அவர்கள் வண்டிக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்கிறார். எனக்கு இந்தப் பாட்டுதான் பெரியது. உமணர்கள் எருதிடம் பிரசங்கம் செய்யவில்லை. எருதின் வயதைப் பார்த்தார்கள், பாரத்தைப் பார்த்தார்கள், பாதையைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். மேடையில் இந்தப் பாட்டை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேடை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உண்மையில் இந்தக் கட்டுரையே அதனால்தான். எஸ்பிஎம் எழுதப்போகும் மாணவர்களுக்கு ஓர் இடைநிலைப்பள்ளியில் தன்முனைப்பு முகாம். முன்னாள் மாணவன் என்ற முறையில் என்னையும் பத்து நிமிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முக்கியப் பேச்சாளர் சொந்தத்தில் நிறுவனம் நடத்துபவர். நல்ல குரல். “நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். எங்கப்பா பால் மரம் சீவுனவரு. நான் வரலையா? உங்களுக்கு என்ன கொறைச்சல்? முயற்சி பத்தல, அவ்ளோதான்!” பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, நீ பின்தங்கியிருப்பதற்குக் காரணம் என்ன என்று எழுதச் சொன்னார்கள். தாள்களைச் சேகரிக்கும் வேலை எனக்கு. ஒரு பையன், ஐந்தாம் படிவம், ஒரே வரி எழுதியிருந்தான்: நான் போதுமான அளவு முயற்சி செய்யவில்லை.

அவனைப் பற்றி ஆசிரியை பிறகு சொன்னார். அப்பா இல்லை. அம்மாவுக்குத் துப்புரவு வேலை. பள்ளி முடிந்து உணவகத்துக்குப் போய் இரவு பதினொன்றரைக்குத் திரும்புகிறான். இரண்டு தம்பிகளுக்கும் காலைச் சாப்பாடு அவன்தான். கணிதத்தில் இரண்டு தாள் தேர்ச்சி பெறவில்லை. மூன்றாவதற்கு இன்னும் கடுமையாக முயற்சி செய்வதாகச் சொல்லி, தூக்கத்தை நான்கு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறான். வகுப்பில் விழுந்து விழுந்து தூங்குகிறான். மார்க் இன்னும் இறங்கியிருக்கிறது.

லாகி தெக்கான், லாகி மாசுக்.

அந்தப் பேச்சாளர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் நடந்து வந்தது உண்மை, கஷ்டப்பட்டதும் உண்மை. அவருடைய வறுமையை அளக்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் அவர் இருந்த தோட்டத்தில் லயத்து வீடு இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, அம்மா வெளிக்காட்டுக்குப் போனால் பிள்ளைக்குச் சோறு போட பக்கத்து வீட்டு அத்தை இருந்தார். அது கெட்டியான மண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே புல் இருந்தது, வேர் பின்னியிருந்தது. தோட்டங்கள் கைமாறி, ஆட்கள் கலைந்து, அடுக்குமாடிகளின் பதினோராவது மாடிக்குப் போன பிறகு அந்தப் பாய் பல குடும்பங்களுக்குக் கிழிந்துவிட்டது. அவர் கால் தொட்ட தரையை வைத்து இந்தப் பையனின் தரைக்குச் சான்றிதழ் கொடுக்கிறார். தான் தப்பி வந்த கதையைச் சொல்வது ஒருவருக்கு உரிமை. அதையே அளவுகோலாக்கி இன்னொருவன் தலையில் வைப்பது வேறு. அது உற்சாகப்படுத்துவதுபோல் இருக்கும், செய்வது என்னவோ குற்றம் சாட்டுவது. அதுவும் சாட்டப்பட்டவனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் குற்றப்பத்திரிகை.

“அப்ப முயற்சியே வேணாங்கிறியா?” இதை எழுதப்போகிறேன் என்றதும் என் அக்கா கேட்டார். “எல்லாத்துக்கும் மண்ணு மேல பழி போட்டா எவன் முன்னேறுவான்?” அவர் ஆசிரியர், தினமும் பிள்ளைகளைப் பார்ப்பவர். லேசாக ஒதுக்கிவிட முடியாத கேள்வி. சாக்குச் சொல்லிப் படுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்தான்.

ஆனால் மண்ணைச் சோதிப்பது மண் மேல் பழி போடுவது ஆகாது. ஜொகூர்க் களிமண்ணில் கட்டடம் கட்டும்போது தூணைப் பார்த்துத் தன்னம்பிக்கையோடு நில் என்று நாங்கள் சொல்வதில்லை. துளையிட்டுப் பார்த்து, பைல் அடிக்கிறோம். அதனால் தூணுக்கு வேலை இல்லாமல் போய்விடுவதில்லை. பாரம் முழுக்கத் தூண்தான் சுமக்கிறது. பலகை போட்ட பிறகும் வண்டி தானாக வரவில்லை. கிளட்சை அந்த அண்ணன்தான் விட்டார், அதுவும் முன்பைவிட அதிகக் கவனத்தோடு. முயற்சி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதைவிட, அது பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம் என்கிறேன்.

நிறுத்துவதும் ஒரு வேலை என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் பூமியில் இல்லை. நாசாவின் ஸ்பிரிட் ரோவர் 2009இல் செவ்வாயில் டிராய் என்று அவர்கள் பெயரிட்ட இடத்தில் மேலோடு உடைந்து மென்மணலில் புதைந்தது. ஆறு சக்கரத்தில் ஒன்று 2006லேயே செயலிழந்திருந்தது. பொறியாளர்கள் அழுத்தவில்லை. கலிபோர்னியாவில் அதே மாதிரி மண்ணைக் கலந்து, பெட்டியில் கொட்டி, ஒரு சோதனை ரோவரை அதில் புதைத்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நவம்பரில்தான் வெளியே எடுக்கும் கட்டளைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். கடைசியில் வெளியே எடுக்க முடியவில்லை. 2010 ஜனவரியில், இனி இது நின்ற இடத்திலிருந்தே ஆய்வு செய்யும் என்று அறிவித்தார்கள். சக்கரங்கள் கிளறிய மண்ணில் சல்பேட் தாதுக்கள் இருந்தன. பழைய நீரின் தடயம். அந்த ஆண்டு மார்ச்சில் தொடர்பு அறுந்தது.

இந்தக் கதையை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ரோவருக்குப் பசிக்காது, தம்பிகள் கிடையாது. நின்ற இடத்திலேயே பயனுள்ளவனாக இரு என்று ஒரு பதினேழு வயதுப் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்தான்: அந்தப் பொறியாளர்களில் யாரும் ரோவரின் முயற்சி போதவில்லை என்று எழுதவில்லை.

முகாம் முடிந்த பிறகு நாங்கள் முன்னாள் மாணவர்கள் ஆறேழு பேர் ஆசிரியையோடு உட்கார்ந்தோம். தேர்வு வரை நான்கு மாதம். உணவகத்தில் அவன் வாங்கும் சம்பளத்தை நான்கு மாதத்துக்கு நாங்கள் பகிர்ந்து கொடுத்துவிடுவது, மாலையில் கோயில் மண்டபத்தில் இரண்டு பேர் கணிதம் சொல்லித் தருவது என்று பேசினோம். பெரிய தொகை இல்லை. தலைக்கு ஒரு மாதத்து ஆஸ்ட்ரோ கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆனாலும் விவாதம் இரண்டு மணி நேரம் போனது. சும்மா கொடுத்தால் கெட்டுப்போவான் என்றார் ஒருவர். அவனுக்குக் கொடுத்தால் மற்ற பத்துப் பேருக்கு என்ன பதில் என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவனைப்போல் பத்துப் பேர் நிச்சயம் இருக்கிறார்கள். ஏழு பேர் சேர்ந்து பலகை போடலாமே தவிர, நிலத்தை வடிகட்ட முடியாது. அதற்கு வாய்க்கால் வெட்ட வேண்டும், அதைச் செய்ய வேண்டிய கைகள் வேறு.

அவனிடம் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், “திருப்பித் தரணுமா அண்ணா?” என்றான்.

சேற்றிலிருந்து வண்டியை எடுக்கும்போது ஒரு விதி உண்டு. பலகை ஏறிவிட்டால் கெட்டித் தரை வரும்வரை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மறுபடியும் புதையும். அதனால் தப்பித்த வண்டி எப்போதும் தூரத்தில்தான் போய் நிற்கும். பலகையோ முக்கால் டன்னை வாங்கிச் சேற்றுக்குள் அழுந்திக் கிடக்கும். யாராவது தோண்டித்தான் எடுக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் முன்கூட்டியே அதன் முனையில் ஒரு கயிறு கட்டிவிடுவார்கள். பாக்சிக் கட்டியிருந்தது சிவப்பு ராஃபியா கயிறு.

கொடுத்ததற்குக் கயிறு கட்டலாமா கூடாதா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அடுத்த மாணவனுக்குக் கொடுக்கட்டும், அப்படி எழுதி வாங்கலாம் என்கிறார்கள் மூன்று பேர். எழுதி வாங்கக் கூடாது என்பது என் கட்சி. இப்போதே மூன்று டன் சுமக்கிறவன் மேல் இன்னொரு பத்து கிலோவை ஏன் ஏற்ற வேண்டும்? ஆசிரியை எதுவும் சொல்லவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மறுபடி கூடுகிறோம். அதுவரை முதல் மாதத்துப் பணம் போய்விட்டது, அவன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். இரண்டு நாளாக மாலை நான்கு மணிக்கெல்லாம் மண்டபத்துக்கு வந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தூங்கிவிடுகிறானாம். எழுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.